பேர்பெற்ற பள்ளி மருத்துவ இடம் தருமா?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரத்தில் கொழிஞ்சாம்பாறையிலும் வண்டிப்பெரியாரிலும் தமிழ்க் குடும்பங்கள் ஒரே கேள்வியோடுதான் அல்லாடுகின்றன. பிள்ளைக்கு டாக்டர் ஆசை. உள்ளூர் அரசுப் பள்ளியிலேயே பிளஸ் ஒன் சேர்ப்பதா? பாலா, திருச்சூர் என்று அனுப்பி, பயிற்சி மையத்தை ஒட்டிய பள்ளியில் சேர்ப்பதா? இல்லை, எல்லை தாண்டி நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளியில் விடுவதா? “பேரெடுத்த ஸ்கூல்ல படிச்சாத்தானுங்க சீட்டு” என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடகுக் கடைக்குப் போய்விடுகிறது.

இந்த நம்பிக்கை பெரும்பாலும் தவறு. தவறு என்பதைவிட அது செய்யும் கெடுதல் பெரிது. பள்ளியின் பெயரைத் துரத்துவதிலேயே பணமும் கவனமும் கரைந்துவிடுவதால், எல்லையோரப் பிள்ளையின் வழியை உண்மையில் மறிப்பவை எவை என்று பார்க்கப் பெற்றோருக்கு நேரமில்லாமல் போகிறது. அரசுகளுக்கும் அது வசதியாகிவிடுகிறது.

விதி என்ன சொல்கிறது? எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு நீட் தேர்வின் 720 மதிப்பெண்தான் அளவுகோல். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்து 50 விழுக்காடு இருந்தால் போதும். பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கு 40. அந்தத் தகுதிக்கோட்டைத் தாண்டிய பிறகு பிளஸ் டூ மதிப்பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கேரள நுழைவுத் தேர்வு ஆணையர் வெளியிடும் மருத்துவத் தரவரிசையில் பள்ளிக்கென்று ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. பொறியியல் கதை வேறு. அங்கே கேரளத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணும் கணக்கில் வருகிறது. அதைச் சமன்செய்யும் சூத்திரத்தை மாற்றியதால்தான் 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் தரவரிசையையே ரத்து செய்தது. மருத்துவத்தில் அந்தச் சிக்கலே இல்லை. மூணாறு அரசுப் பள்ளி மாணவிக்கும் கொச்சியின் ஆடம்பரப் பள்ளி மாணவனுக்கும் ஒரே வினாத்தாள், ஒரே விடைத்தாள், ஒரே மூன்று மணி நேரம்.

அமெரிக்காவில் நிலைமை இப்படி இல்லை. அங்கே நான்காண்டுப் பட்டப்படிப்பை முடித்துவிட்டுத்தான் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பட்டப்படிப்பின் மதிப்பெண், எம்கேட் தேர்வு, பரிந்துரைக் கடிதங்கள், கட்டுரை, நேர்காணல் எல்லாவற்றையும் ஒரு குழு உட்கார்ந்து படிக்கிறது. மனிதர் படித்து முடிவெடுக்கும் இடத்தில் கல்லூரியின் பெயர் கண்ணில் படாமல் இருக்குமா என்ற கேள்வி நியாயமானது. அந்த நாட்டுப் பெற்றோர் அதை விவாதித்துக்கொண்டே இருக்கிறார்கள். நம் பெற்றோருக்கு அந்தக் கவலை வேண்டியதில்லை.

ஆனால், நம் ஊரிலும் எங்கே படித்தோம் என்பது மருத்துவ இடத்தைத் தீர்மானித்த காலம் ஒன்று இருந்தது. இன்றைய தாத்தாக்களின் நினைவில் அது இருக்கிறது. நம்பிக்கையின் வேர் அங்கேகூட இருக்கலாம். அப்போது பள்ளியில் பிளஸ் டூ கிடையாது, கல்லூரியில் பிரீடிகிரி. பாலக்காட்டுப் பிள்ளைகள் 1866இல் பள்ளியாகத் தொடங்கி 1888இல் கல்லூரியான விக்டோரியாவிலோ, 1947இல் வந்த சித்தூர் அரசுக் கல்லூரியிலோ சேர்ந்தார்கள். 1968இல் கோழிக்கோடு பல்கலைக்கழகம் உருவானதும் இவை அதன் கீழ் வந்தன. 1972இல் பிறந்த இடுக்கி மாவட்டமோ கேரளப் பல்கலைக்கழகத்தின் பக்கம். மாநில அரசு மருத்துவ இடங்களை இந்த இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் பங்கு பிரித்தது. ஒவ்வொன்றிலும் எத்தனை மாணவர்கள் பதிவு செய்திருக்கிறார்களோ அந்த விகிதத்தில் இடம். பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். மலபாரில் கல்லூரிகள் குறைவு, ஆகவே மாணவர் எண்ணிக்கை குறைவு, ஆகவே மருத்துவ இடமும் குறைவு. பின்தங்கிய பகுதி பின்தங்கியிருப்பதற்காகவே இன்னொரு முறை தண்டிக்கப்பட்டது.

அந்த ஏற்பாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கேரள அரசுக்கும் டி.பி. ரோஷனாவுக்கும் இடையிலான 1979ஆம் ஆண்டு வழக்கு அது. தீர்ப்பை எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர், பாலக்காட்டை அடுத்த வைத்தியநாதபுரத்தில் பிறந்தவர். மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பங்கு போடும் சூத்திரம் அறிவுக்குப் பொருந்தாது என்றார். அதே மூச்சில், பின்தங்கிய வட்டாரத்துக்குத் தனிக் கவனம் தருவது சமத்துவத்துக்கு விரோதமல்ல என்பதையும் ஏற்றுக்கொண்டார். கூடுதல் இடங்களை உருவாக்கச் சொல்லிப் பாதிக்கப்பட்டவர்களுக்கு வழியும் செய்தார். அந்தத் தீர்ப்பு சொன்ன இரண்டாவது விஷயத்தை நாம் மறந்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

தமிழ்நாட்டிலும் இத்தகைய வழக்குகள் உண்டு. மருத்துவ இடங்களை மாவட்டவாரியாகப் பிரித்ததை 1968இல் ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சில ஆண்டுகளுக்குள் பெரியகருப்பன் வழக்கில், தனித்தனிக் குழுக்கள் நேர்காணல் நடத்தி ஆள் எடுத்த முறையும் அடிபட்டது. 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் நுழைவுத் தேர்வு வந்தது, கருணாநிதி ஆட்சியில் போனது, பிறகு நீட் வந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் ‘ஆளைப் பார்க்காமல் தகுதியைப் பார்ப்போம்’ என்றுதான் சொல்லப்பட்டது. உண்மைதான், இன்று யாரும் ஆளைப் பார்ப்பதில்லை. கல்லூரிப் பெயருக்கும் சிபாரிசுக் கடிதத்துக்கும் இடமில்லை. அந்த அளவில் அது வெற்றியே.

பெயர் போன இடத்தில் வேறு எது வந்து உட்கார்ந்தது? நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் தமிழ்நாட்டுக் கணக்கை எடுத்து வைத்தது. நீட்டுக்கு முன் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் தமிழ்வழியில் படித்தவர்கள் சுமார் 15 விழுக்காடு. நீட்டுக்குப் பின் அது 2 முதல் 3 விழுக்காட்டு அளவுக்குச் சரிந்தது. அதைவிட என்னை உலுக்கிய எண் வேறொன்று. 2016–17இல் சேர்ந்தவர்களில், முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்துவிட்டு மறுபடி முயன்றவர்கள் 12 விழுக்காடு. 2020–21இல் அவர்கள் 71 விழுக்காடு. இடத்தை வாங்கித் தருவது பள்ளியல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பிளஸ் டூ முடித்துவிட்டு, சம்பாத்தியம் இல்லாமல், ஓராண்டோ இரண்டாண்டோ உட்கார்ந்து படிக்கும் வசதிதான் வாங்கித் தருகிறது.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த ஓராண்டு என்ன விலை என்று யோசித்துப் பாருங்கள். மூணாறில் தொழிலாளி குடியிருக்கும் லயம் கம்பெனியுடையது. வேலை இருக்கும்வரைதான் வீடு. அம்மாவுக்கு ஓய்வு வயது நெருங்கும்போது, வீட்டில் இன்னொருவர் தோட்டத்தில் பேர் பதிந்தால் லயம் நிலைக்கும். இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். பிளஸ் டூ முடித்த பெண் ‘இன்னொரு வருஷம் படிக்கிறேன்’ என்று சொல்வது அந்த வீட்டில் வெறும் படிப்புச் செலவு பற்றிய பேச்சல்ல. கூரை பற்றிய பேச்சு. 2015 செப்டம்பரில் பெண் தொழிலாளர்கள் சாலையில் உட்கார்ந்து போராடியபோது அவர்களுடைய நாள்கூலி 232 ரூபாய். போராட்டத்துக்குப் பிறகு 301 ஆனது. அந்த வருமானத்தில் லட்சக் கணக்கில் கட்டணம் கேட்கும் பயிற்சி மையத்தின் வாசலைக்கூட மிதிக்க முடியாது.

அடுத்தது மொழி. தேவிகுளம், பீருமேடு, சித்தூர் தாலுகாக்களின் தமிழ்வழிப் பள்ளிகளில் பத்து வரை தமிழில் அறிவியல் படித்த பிள்ளை, பிளஸ் ஒன் சேர்ந்த அன்று மூன்று மொழிக்குள் விழுகிறது. புத்தகம் ஆங்கிலம். ஆசிரியர் விளக்குவது மலையாளம். புரிந்ததை மனதுக்குள் சரிபார்த்துக்கொள்வது தமிழ். வகுப்பில் எழுந்து சந்தேகம் கேட்க எந்த மொழியில் வாயைத் திறப்பது என்று தெரியாமலே முதல் ஆறு மாதம் போய்விடுகிறது. பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் ‘ஏ பிளஸ்’ வாங்கிய பிள்ளை பிளஸ் ஒன்னில் தட்டுத் தடுமாறுவதைப் பார்த்த வீட்டார், பள்ளி சரியில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். பள்ளி அப்படியேதான் இருக்கிறது, மொழி மாறிவிட்டது.

சரி, நீட் 13 மொழிகளில் நடக்கிறதே, தமிழும் அதில் உண்டே என்பீர்கள். உண்டு. தமிழைத் தேர்ந்தெடுத்தால் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழி வினாத்தாள் கிடைக்கும். ஒரு சொல் பிடிபடாவிட்டால் பக்கத்திலேயே மற்ற மொழி. ஆனால், வட்டார மொழி வினாத்தாள் அந்தந்த மாநிலத்து மையங்களில் மட்டுமே. கேரள மையத்தில் கிடைப்பவை ஆங்கிலம், இந்தி, உருது, மலையாளம். விண்ணப்பத்தில் வினாத்தாள் மொழி என்ற இடத்தில் தமிழ் என்று குறித்த கணமே, பாலக்காட்டுப் பிள்ளைக்குப் பாலக்காடு கிடையாது, இடுக்கிப் பிள்ளைக்கு இடுக்கி கிடையாது. கோவை, மதுரை போன்ற தமிழ்நாட்டு மையத்துக்குப் போக வேண்டும். தேர்வு பிற்பகல் 2 மணிக்கு, 1.30க்குக் கதவு சாத்திவிடுவார்கள். மே மாதம் மூணாறில் சுற்றுலா நெரிசல். போடிமெட்டு வளைவுகளில் இறங்கி மதுரை போய்ச் சேர முதல் நாளே கிளம்ப வேண்டும். துணைக்கு வருபவருக்கு இரண்டு நாள் கூலி போகும். தங்க இடம் பார்க்க வேண்டும். இத்தனை தொல்லைக்கு ஆங்கிலத்திலேயே எழுதிவிடலாம் என்று பெரும்பாலோர் ஒதுங்கிவிடுவதில் வியப்பில்லை. தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும் தேர்வில், கேள்வியைப் பிசகாகப் புரிந்துகொள்வதன் விலை அவர்கள் தலையில்.

மூன்றாவது தடை பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. அதுதான் எல்லாவற்றிலும் கொடியது: சான்றிதழ்.

பட்டியலின உரிமை மாநிலத்துக்கு மாநிலம் கூடவே வராது. மருத்துவக் கல்லூரி இடம் கேட்டுப் போன ஒரு மாணவரின் வழக்கில்தான் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு 1990இல் இதை உறுதி செய்தது. மாரி சந்திரசேகர ராவ் ஆந்திரத்தில் பழங்குடி. சிறுவயதிலேயே தந்தையின் வேலையை ஒட்டி மகாராஷ்டிரம் வந்தவர். அங்கே பழங்குடி ஒதுக்கீட்டில் மருத்துவம் கேட்டார். கிடையாது என்றது நீதிமன்றம். நடைமுறையில் இதன் பொருள், 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைக்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்தது என்று காட்ட வேண்டும். தாசில்தார் கேட்பது தாத்தாவின், பூட்டனின் காகிதத்தை. லயத்தில் பிறந்து லயத்தில் செத்தவரிடம் பட்டா ஏது? பத்திரம் ஏது? தோட்டத்தின் பழைய செக்ரோலில் பேர் இருந்தால் உண்டு. கம்பெனி கைமாறியபோது அந்தப் பதிவேடு எங்கே போனது என்பது யாருக்கும் தெரியாது. சந்தேகம் வந்தால் கோப்பு கோழிக்கோட்டிலுள்ள பட்டியலின, பழங்குடியின ஆய்வு நிறுவனமான கிர்டாட்ஸ் வரை போகும். கவுன்சலிங்கோ யாருக்காகவும் காத்திருக்காது.

சாதாரணத் தொழிலாளிக்கு மட்டும் நேரும் சங்கடம் என்று எண்ண வேண்டாம். தனித் தொகுதியான தேவிகுளத்தில் வென்ற ஏ. ராஜாவின் தேர்தலையே கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் செல்லாது என்றது. மதமாற்றம் பற்றிய வாதத்தோடு, திருநெல்வேலிப் பக்கமிருந்து தோட்டத்துக்கு வந்த அவருடைய முன்னோர் 1950க்கு முன் வந்தார்களா என்பதும் அந்த வழக்கில் அலசப்பட்டது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டமன்ற உறுப்பினர் டெல்லி வரை போய் நிலைநாட்ட வேண்டியதை, பதினேழு வயதுப் பெண் வில்லேஜ் ஆபீஸ் வராந்தாவில் நின்று எப்படி நிலைநாட்டுவாள்?

இதில் வரலாற்றின் அநீதி ஒன்றும் கலந்திருக்கிறது. 1950இல் பாலக்காடு தாலுகா சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. கோவையிலிருந்து அங்கே பிழைக்கப் போனவர் மாநிலம் மாறவேயில்லை. சித்தூர் பழைய கொச்சி சமஸ்தானம். தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூர். மக்கள் வேலையைத் தேடிப் போனார்கள். 1956 நவம்பரில் கோடு வந்து அவர்களுக்கு நடுவே விழுந்தது. கோட்டைக் கிழித்தவர்கள் காகிதம் கேட்கிறார்கள்.

சான்றிதழுக்கு இத்தனை அழுத்தம் ஏன் தருகிறேன் என்றால், பாலக்காட்டு யாக்கரையில் 2014இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி கேரளப் பட்டியலினத்தோர் மேம்பாட்டுத் துறையின் கீழ் வருவது. பிற அரசுக் கல்லூரிகளில் பட்டியலினத்தவருக்கு 8 விழுக்காடும் பழங்குடியினருக்கு 2 விழுக்காடும் என்றால், இங்கே 100 இடங்களில் 70 பட்டியலினத்தவருக்கு. கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் முதலமடையிலிருந்தும் பஸ் பிடித்துப் போய்ப் படிக்கக்கூடிய தொலைவில் அப்படி ஒரு கதவு திறந்திருக்கிறது. பொதுப்பிரிவுக்கும் ஒதுக்கீட்டுக்கும் இடையே தரவரிசையில் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வரும். பாலாவில் இரண்டாண்டு படித்துக் கூட்டக்கூடிய மதிப்பெண்ணைவிட, காலத்தே கைக்கு வந்த ஒரு சான்றிதழ் பிள்ளையைக் கல்லூரிக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தும். இடுக்கியிலும் அங்கீகாரம் இழந்து முடங்கிக் கிடந்த அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் 100 இடங்களோடு மீண்டது.

எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு என்ன தருகிறது? அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, 2020 முதல். முதல் ஆண்டிலேயே நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் உள்ளே போனார்கள். கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. இந்தியாவில் பள்ளி எது என்பது மருத்துவ இடத்தைத் தீர்மானிக்கும் அரிய இடம் இது. அதுவும் பேர்பெற்ற பள்ளிக்கு எதிர்த் திசையில்! நல்ல சட்டம். ஆனால், 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மறையூரில் பத்து வரை அரசுத் தமிழ்வழிப் பள்ளியில் படித்துவிட்டு உடுமலைக்கோ போடிக்கோ பிளஸ் ஒன் வரும் பிள்ளைக்கு அது கிடையாது. இரண்டு மாநிலத்திலும் இருப்பிட உரிமை கோரினால் சேர்க்கையே ரத்தாகும். எங்கள் பிள்ளை என்று இரு பக்கமும் மேடையில் சொல்வார்கள். விண்ணப்பத்தில் இரு பக்கமும் அந்நியர்.

இலங்கையின் ஏற்பாட்டை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அங்கே பல்கலைக்கழக இடங்களில் 40 விழுக்காடுதான் நாடு தழுவிய தகுதி வரிசைக்கு. 55 விழுக்காடு மாவட்ட மக்கள்தொகைப்படி, 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அதன் வரலாற்றில் தமிழர்கள் பட்ட காயம் ஆழமானது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் நுவரெலியா தோட்டத்துப் பிள்ளை கொழும்புப் பெரும் பள்ளியோடு மட்டும் மோத வேண்டியதில்லை என்ற பாதுகாப்பு அதில் இருக்கிறது.

நல்ல பள்ளியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆய்வகம், ஒழுங்காக வகுப்புக்கு வரும் ஆசிரியர், கூடப் படிப்பவர்களின் ஊக்கம் எல்லாம் மதிப்பெண்ணை உயர்த்தும். ஆனால், அவற்றுக்கும் பலகையில் எழுதிய பெயருக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிட மெலிது. கேரள அரசுப் பள்ளியின் பிளஸ் டூ அறிவியல் நூல்கள் என்சிஇஆர்டி நூல்கள். நீட் கேள்விகள் ஊன்றி நிற்பது அவற்றின் மேல்தான். அடகுப் பணம் கொடுத்து வாங்கப் பார்க்கும் புத்தகம் ஏற்கனவே பிள்ளையின் பையில் இருக்கிறது.

ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள் இது. பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கும்போதே சாதிச் சான்றிதழுக்கும் இருப்பிடச் சான்றிதழுக்கும் அலையத் தொடங்குங்கள். தோட்ட அலுவலகத்தில் பழைய செக்ரோல், வருங்கால வைப்புநிதிப் பதிவு, தாத்தா படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு எது கிடைத்தாலும் நகல் எடுத்து வையுங்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஆங்கில அறிவியல் நூலைத் தமிழ் நூலோடு சேர்த்து வைத்துப் படிக்கப் பழக்குங்கள். தமிழ்நாட்டுப் பிளஸ் டூ பாடநூல்கள் இணையத்தில் இலவசம். நகையை விற்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், பேருக்காக விற்காதீர்கள்; தேவைப்பட்டால் பிள்ளை இன்னும் ஓராண்டு உட்கார்ந்து படிப்பதற்காக விற்றுக்கொள்ளுங்கள்.

கேரள அரசு தன் நுழைவுத் தேர்வுப் பயிற்சியைத் தமிழ் விளக்கத்தோடும் தர வேண்டும். 1969இலேயே தமிழரையும் கன்னடரையும் மொழிச் சிறுபான்மையினராகச் சட்டத்தில் ஏற்ற மாநிலம் அது. காசர்கோட்டில் கன்னடம் தெரியாத ஆசிரியரைக் கன்னடப் பள்ளிக்கு அனுப்பியதை எதிர்த்துப் பெற்றோர் தெருவுக்கு வந்தார்கள். தமிழ்ப் பள்ளிகளில் அந்த நிலை வரவிடக் கூடாது. 1950க்கு முந்தைய காகிதம் இல்லாத தோட்டக் குடும்பங்களுக்குத் தோட்டப் பதிவேடுகளையே ஆதாரமாக ஏற்று, தாலுகாதோறும் முகாம் நடத்திச் சான்றிதழ் தர வேண்டும். எல்லையோர அரசுத் தமிழ்வழிப் பள்ளியில் படித்துவிட்டுப் பிளஸ் ஒன்னுக்குத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளையை 7.5 விழுக்காட்டில் சேர்க்கத் தமிழ்நாடு தன் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் காலம் ஆகலாம். ஒன்றுக்கு மட்டும் ஆகாது. தேசியத் தேர்வு முகமை தமிழ் வினாத்தாளை ஆண்டுதோறும் அச்சிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கோவைக்கு வரும் கட்டு, ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாலக்காட்டுக்கும், மதுரைக்கு வரும் கட்டு இடுக்கிக்கும் போக வேண்டும். அடுத்த நீட் விண்ணப்ப அறிவிப்பிலேயே அதைச் செய்யலாம். இரு மாநில நாடாளுமன்ற உறுப்பினர்களும் சேர்ந்து கேட்டால் போதும்.